மாதா உப்பும் லேசர் போட்ட முகமும்

எனக்கும் என் தங்கச்சிக்கும் அப்பன் சொத்தா வந்தது முகத்துப் பருக்குழி மட்டுந்தான். கன்னம் ரெண்டும் அம்மி கொத்துன மாதிரி கிடக்கும். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ்ல வேலை பாக்கேன். கையில நாலு காசு பாத்ததும் முதல்ல முகத்தைச் சரி பண்ணப் போனவ நான்தான்.

எனக்கு டாக்டர் செஞ்சது ஊசி வைத்தியம். பொடிப்பொடி ஊசி தோலுக்குள்ள இறங்கி, ரேடியோ அலையால உள்ளுக்குள்ள சூடு வைக்கும். மேல்தோல் கருகாது. மூணு நாள் சிவந்து கிடக்கும், அவ்வளவுதான். ஆனா மாசாமாசம் போகணும், குழி மெல்லத்தான் மேடாகும். நாலு தடவை முடிஞ்சப்போ பாதிக்குழி நிரம்பியிருந்துச்சு. எனக்கு அதுவே பெருசு.

அப்பதான் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசி முடிச்சாங்க. மாப்பிள்ளை கப்பல்ல இருந்தாரு, பேச்செல்லாம் வீடியோவுலதான். ஒருநாள் போனை என் பக்கம் திருப்பி, இவ்வளவு துட்டைக் கொட்டியும் எங்க அக்கா மூஞ்சி அம்மிதான்னு சொல்லிச் சிரிச்சா. அவரும் சிரிச்சாரு. நானும் சிரிச்சு வச்சேன்.

அவளுக்கு ஊசிக்குப் பொறுமை இல்ல. மாப்பிள்ளை லீவுக்கு வர ரெண்டே மாசம், லேசர்தான் வேணும்னு நின்னா. லேசர் வேகமா வேலை செய்யும், ஆனா மேல்தோலையே புள்ளி புள்ளியாச் சுட்டு எடுத்துரும். நம்ம நிறத்துக்குக் கருத்துப்போக வாய்ப்பு கூடன்னு டாக்டர் எவ்வளவோ சொன்னாரு. கேட்டாத்தானே. எல்லாம் முடிஞ்சு அவ உள்ள படுத்திருந்தப்போ, டாக்டர் ஒரு காகிதத்தை என் கையில கொடுத்து விரல் வச்சுச் சொன்னாரு. வெயில் ஆகாது, தேய்க்கக் கூடாது, அவர் கொடுத்த களிம்பு தவிர எதுவும் படக் கூடாது. வீட்டுல நான் வெயிலை மட்டும் சொன்னேன்.

நாலாம் நாள் எங்க தெருவுல மாதா சொரூபத்தைத் தூக்கிக்கிட்டு சப்பரம் வந்துச்சு. பருவோ மருவோ வந்தா உப்பும் மிளகும் நேர்ந்து சப்பரத்து மேல எறியிறது எங்க ஆளுக வழக்கம். அம்மா எறிஞ்சுட்டு, கீழ சிந்துன உப்புல ஒரு பிடி அள்ளி முந்தானையில முடிஞ்சு கொண்டுவந்தா. தண்ணியில கரைச்சுத் தங்கச்சி முகத்துல தேய்க்கப் போனா. அம்மா கையை அவ பிடிச்சு நிறுத்திட்டு என்னைப் பாத்தா.

"அக்கா, தேய்க்கலாமா?"

எனக்கு அந்த அம்மிப் பேச்சு ஞாபகம் வந்துச்சு.

"மாதா உப்பு என்ன செஞ்சிரும்? தேய்."

அவ துடிச்ச துடிப்பைப் பாத்துக்கிட்டுதான் நின்னேன். உள்ளதைச் சொல்லுதேன், அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு.

புண்ணு ஆறிப் பொருக்கு உதிர்ந்தப்போ கன்னம் ரெண்டும் தார் பூசுனாப்ல இருந்துச்சு. மாப்பிள்ளை வீடியோவுல பாத்தாரு. நெட்வொர்க் சரியில்லன்னு வச்சவரு, அதுக்குப் பொறவு கூப்பிடவே இல்ல.

மறுபடி டாக்டர்கிட்ட போனோம். வேற என்னத்தைப் பூசுனீங்கன்னு கேட்டாரு. தங்கச்சி ஒளிக்காம உப்புத்தண்ணின்னா. எந்த முட்டாள் சொன்னதுன்னு அவர் சத்தம் போட்டதும், பக்கத்துல இருந்த அம்மா அழுதுட்டா. தங்கச்சி சட்டுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"அம்மாவை வையாதீங்க டாக்டர். அக்காட்ட கேட்டுட்டுதான் தேய்ச்சோம். அவளுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்."

டாக்டர் என்னைப் பாத்தாரு. காகிதத்தை யார் கையில கொடுத்தோம்னு அவருக்கு மறக்கல. தங்கச்சி என் கையை இன்னும் விடல.