வேடந்தாங்கலுக்கு ஏழு வருடம் தப்பான நேரத்தில் போனோம்

1986 முதல் 1993 வரை வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு வேடந்தாங்கல் போனோம். மொத்தம் எட்டு முறை. அதில் ஏழு முறை தப்பான நேரத்தில். பிள்ளைகளோடு போகலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்தால் என்னுடைய ஏழு வருடம் உங்களுக்கு மிச்சம்.

அப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மெஷின் வேலை, மூன்று ஷிப்டு. எங்களுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை, பிள்ளைகளுக்கு ஞாயிறு. அப்பாவும் பிள்ளைகளும் பகலில் முகம் பார்த்துக்கொள்வதே அபூர்வம். கிறிஸ்துமஸ், பொங்கல் என்றால் உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். எங்களுக்கே எங்களுக்கென்று மிஞ்சியது ஜனவரி 26 ஒன்றுதான்.

அன்றைக்கும் விடிந்ததும் கிளம்ப முடியாது. பள்ளியில் கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வர எட்டரை ஆகும். ஒன்பதரைக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறுவோம். படாளம் கூட்டு ரோடு சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், பாதி தூரம் நின்றபடி. அங்கே இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். போய்ச் சேரும்போது பன்னிரண்டு, பன்னிரண்டரை. நுழைவுச் சீட்டு ஆளுக்கு ஒரு ரூபாய்.

ஏரிக்கரை மரத்தடியில் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். அதன்பிறகு நான் துண்டை விரித்துப் படுத்துவிடுவேன். பல முறை முந்தின நாள் நைட் ஷிப்டு முடித்து, தூங்காமல் வந்த உடம்பு அது. ஏரித் தண்ணீரில் நிற்கும் மரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாரைகள் உட்கார்ந்திருக்கும். அவையும் என்னைப் போலவே இருக்கும், அரைத் தூக்கத்தில். ஐந்தே காலுக்குக் கடைசி பஸ். ஐந்து மணிக்கே நடையைக் கட்டிவிடுவோம்.

"இதப் பாக்கவா இவ்ளோ தூரம்? நம்ம சேலையூர் ஏரியிலயே நாலு கொக்கு நிக்குது" என்பாள் என் மனைவி ரோஸ்லின், வருடம் தவறாமல். ஆனால் மகள் எஸ்தருக்கு அந்த இடம் என்றால் உயிர். முதல் முறை போனபோது அவளுக்குப் பத்து வயது. கரண்டி போல மூக்குள்ள பறவை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்தாள்.

பகல்தான் சரியான நேரம் என்று நான் ஏன் நினைத்தேன்? வண்டலூர் ஜூவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாழ்ந்ததன் கோளாறு. அங்கே எந்த நேரம் போனாலும் புலி கூண்டுக்குள் இருக்கும். பறவையும் அப்படித்தான் என்று நினைத்தேன். படிப்பு பத்தாம் வகுப்பு, அதிலும் ஒரு பேப்பர் பாக்கி.

1993-ல் எஸ்தர் பிளஸ் டூ. பரீட்சை முடிந்ததும் வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் படிக்கப் போவது என்று முடிவாகியிருந்தது. அந்த முறை நான் படுப்பதற்கு முன்பே, வருடா வருடம் எங்களைப் பார்த்துப் பேசும் சரணாலய வாட்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார், எப்பவும் உச்சி வெயில்லயே வர்றீங்க. அதுங்க இப்ப எரை தேடப் போயிருக்கும். நீங்க பஸ் ஏறுனதும் அதுங்க வந்து எறங்கும். வருசா வருசம் பாத்துகினுதான் கீறேன்."

"எத்தனை மணிக்குண்ணா வரும்?" என்று எஸ்தர் கேட்டாள்.

"அஞ்சரைக்கு மேல பாரு பாப்பா, வானமே தெரியாது. அப்பா கம்பெனி மாதிரிதான். ஷிப்டு விட்டு மொத்தமா வரும்."

இருபது வருடம் ஷிப்டு பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. டேவிட், என் இளையவன், விழுந்து விழுந்து சிரித்தான். எஸ்தர் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு இருந்து பாத்துட்டுப் போலாம்பா. அடுத்த வருசம் நான் இருக்க மாட்டேன்" என்றாள்.

எனக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்டு. லீவுக்கு மறுநாள் சொல்லாமல் நின்றால் எங்கள் கம்பெனியில் விளக்கக் கடிதம் கேட்பார்கள். அந்த மாதம்தான் சீனியர் ஆபரேட்டர் பிரமோஷன் லிஸ்ட் வர இருந்தது. ஒன்பது வருடமாக அதற்குக் காத்திருந்தேன். "பஸ்ஸ விட்டா எப்படிம்மா?" என்றேன். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

கண்டக்டரிடம் ஒரு அரை மணி தாமதமாக எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். "சார், இது இன்னா கல்யாண வண்டியா? ஏறு சார்" என்றார். நியாயம்தான். ஏறினோம்.

ஒன்றரை கிலோமீட்டர் போயிருக்கும், இரண்டு பக்கமும் வயல். எஸ்தர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வருது" என்றாள். தூரத்தில் வானத்தில் ஒரு கோடு தெரிந்தது. பின்னால் இன்னொரு கோடு. பஸ் போகும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தன.

ரோஸ்லின் என் முகத்தைப் பார்த்தாள். "நாலு கொக்குக்காக எறங்கப் போறீங்களா?" என்றாள். கேட்டபோதே காலடியில் இருந்த சாப்பாட்டுக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஹோல்டான்" என்றேன். கண்டக்டர் விசில் அடித்தார். "பேஜார் புடிச்ச ஆளா இருக்கியே சார். இதுக்கப்புறம் பஸ் கெடையாது" என்றார். இறங்கிவிட்டோம்.

ஏரிக்குத் திரும்பி நடக்கத் தெம்பில்லை. வரப்போரம் அப்படியே நின்றோம். சுமார் நாற்பது நிமிடம் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தன. நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், பெயர் தெரியாதவை. தாழப் பறந்தவற்றின் இறக்கைச் சத்தம், ஈர வேட்டியை உதறுகிற மாதிரி கேட்டது. டேவிட் முந்நூறு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டான். எஸ்தர் எண்ணவில்லை. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு பட்டதை விரிவாகச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. நான்கு கிலோமீட்டர் நடை, ரோஸ்லினின் அறுந்த செருப்பு, படாளம் வரை ஒரு வைக்கோல் டிராக்டர். மறுநாள் நான் எழுந்தபோது மணி ஒன்பது.

விளக்கக் கடிதம் கேட்டார்கள். கம்பெனிக்கு இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். எனக்காக எப்போதும் எழுதித் தருவது எஸ்தர்தான். பேனாவைத் திறந்துகொண்டு, "காய்ச்சல்னு எழுதிடட்டுமாப்பா?" என்றாள். "வேணாம். உள்ளத எழுது" என்றேன்.

ஆபீசில் மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பறவை பாத்துட்டு வரலையா? ஏன்யா, காய்ச்சல்னு ஒரு வரி எழுதத் தெரியாது?"

"தெரியும் சார். எழுதறது என் பொண்ணு சார்."

லிஸ்ட்டில் என் பெயர் அந்த வருடம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தது. எஸ்தர் ஜூனில் வேலூர் போனாள். நான்கு பேரும் சேர்ந்து வேடந்தாங்கல் போனது அதுவே கடைசி. லிஸ்ட் போனதற்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஏழு வருடத்துக்கு நான் பட்ட வருத்தம் அதைவிடப் பெரிது.

போகிறவர்களுக்கு: மழை நன்றாகப் பெய்த வருடமாகப் பார்த்து, டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரிக்குள் போங்கள். மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு நாலு மணிக்கு அங்கே இருந்தால் போதும், ஆறேகால் வரை நகராதீர்கள். திரும்பி வர வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள். பழைய செருப்பு வேண்டாம். மறுநாளுக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். காரணம் என்ற இடத்தில் பறவை என்றே எழுதலாம். ஒன்றும் குடி முழுகிவிடாது, இரண்டு வருடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.