கிழங்கில் மீன் வாடை

என் கோழிகளுக்கு டானிக் வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னேன். யார் கேட்டாலும் இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மயிலாப்பூர் பஜாருக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவை அத்தா என்போம். அத்தா தையல்காரர். அண்ணன் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். பதினாறு வயதில் எனக்கென்று இருந்தவை கொல்லையில் மேய்ந்த ஆறு கோழிகள்தான். கரையான் புற்றைக் கொத்திக்கொண்டு வந்து போடுவேன். ரேஷன் அரிசியைப் புடைத்தால் விழும் குருணையில் முருங்கைக்கீரையை நறுக்கிப் பிசைந்து வைப்பேன். மிச்சத்தைக் குப்பையைக் கிளறி அவையே தேடிக்கொள்ளும். கோழிக்குக் கால் எதற்கு இருக்கிறது?

மாட வீதியில் ஒரு வக்கீல் வீடு. அவர்களுடைய ஒன்பது வயதுப் பெண் டைபாய்டில் பிழைத்து எழுந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். தினம் ஒரு பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுத்தால்தான் தேறுவாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆசாரமான அந்த வீட்டிலோ முட்டை என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. வக்கீலின் மனைவி அதற்குக் ‘கிழங்கு’ என்று பெயர் வைத்தாள். தினம் காலையில் கூடையில் முருங்கைக்கீரைக்கு அடியில் ஒளித்து, கொல்லைக் கதவில் கொண்டுபோய்க் கொடுப்பேன். வக்கீலுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். தன் மாமியாருக்குத் தெரிந்தால் அன்றோடு நின்றுவிடும், குழந்தை எழுந்திருக்க மாட்டாள் என்று அந்த அம்மாள் என்னிடம் கண் கலங்கியிருக்கிறாள்.

மார்கழிப் பனியில் ஆறு கோழியும் சேர்ந்து நாளைக்கு ஒன்றோ இரண்டோதான் இட்டன. பனிக்காலத்தில் அப்படித்தான். அதை நோய் என்றவன் எங்கள் அண்ணன். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சுறா ஈரல் எண்ணெயை ஒரு பாட்டில் கொண்டுவந்து, டானிக் என்று என் முன்னால் வைத்தான்.

“சாக்கடைல மேஞ்சிக்கினு கீற கோழிக்கு இன்னா சத்து கீது? பத்து நாள் இத்த குடு. அப்பால பாரு.”

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று அவனுக்குப் பழமொழி சொன்னேன். நல்ல தீனி போட்டால் மருந்தே வேண்டாம் என்பது அதற்கு அர்த்தம். அண்ணன் சிரித்தான். வாணியன் ஆட்டி விற்பது எண்ணெய்தானே, அதனால்தான் எண்ணெயே கொண்டுவந்திருக்கிறேன் என்றான். நான் பாட்டிலைத் தொடவில்லை. விஷயம் அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். கம்பவுண்டர் புத்தி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலை, அந்த அம்மாள் கூடையை வாங்கக் கை நீட்டவில்லை.

“ஏண்டிம்மா, கிழங்குல மீன் வாடை அடிக்கறதே. கொழந்தை ஒரு வாய் குடிச்சுட்டுக் குமட்டித் துப்பிட்டா. மூணு நாளாப் பாலையே தொட மாட்டேங்கறா.” குரலை இன்னும் தாழ்த்தினாள். “வாடை மாமியார் இருக்கற கூடம் வரைக்கும் வந்துடுத்து. இனிமே வராதே.”

கிழங்கில் மீன் வாடை! வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வீட்டுக்கு ஓடிப்போய்த் தீனிச் சட்டியை முகர்ந்து பார்த்தேன். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. நான் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து அண்ணன் குருணையில் ஊற்றியிருக்கிறான். கேட்டதற்கு, நல்லதுக்குத்தானே செய்தேன் என்றான். முட்டை கூடவில்லையா என்றும் கேட்டான். கூடவுமில்லை. இருந்த ஒன்றும் நாறிப்போனதுதான் மிச்சம்.

மிச்சமிருந்த எண்ணெயை அவன் கண் முன்னாலேயே சாக்கடையில் கவிழ்த்தேன். யுத்த காலத்தில் கிடைக்காத சரக்கு. அவன் கை ஓங்கினான். நான் நகரவில்லை.

“அடிச்சிக்கோ. மனுசனுக்கு நோவு வந்தா நீ பாரு. எங் கோழிக்கு நான் கீறேன்.”

அத்தா மெஷினை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையை இறக்கினான். அன்று முதல் தீனிச் சட்டியைச் சமையலறையில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு கரையானும் கீரையும் குப்பையும்தான். தினம் ஒரு முட்டையை உடைத்து முகர்ந்து பார்ப்பேன். முதல் நாட்களில் மீன் வாடை போகவேயில்லை. பன்னிரண்டாம் நாள் வாடை இல்லை. பதின்மூன்றாம் நாளும் இல்லை. பதினான்காம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு, வராதே என்று சொன்ன கொல்லைக் கதவையே போய்த் தட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. அந்தக் குழந்தை சாப்பிடாமல் கிடக்கிறாளே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். அவளுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். மொட்டைத் தலை, குச்சிக் கை. அவளை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பதினாறு வயதில் அண்ணனை எதிர்த்து நின்றதைத்தான் பெரிய தைரியம் என்று அவள் பேசும்வரை எண்ணியிருந்தேன்.

“பால்ல கலக்காதேம்மா. அப்படியே குடு,” என்றாள் குழந்தை.

அவள் அம்மா உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு அங்கேயே, கொல்லைப்படியில், ஒரு டம்ளரில் உடைத்து ஊற்றினாள். குழந்தை முகர்ந்து பார்க்கக்கூட இல்லை. ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நாளைக்கு ரெண்டு கொண்டு வா.”