மங்களம் பாடும்வரை திறக்காத கதவு

தாசையன் அண்ணன் போய்விட்டார். காலையில் நெய்யாற்றின்கரையிலிருந்து அவர் மகள் போன் செய்தாள்... அப்போதிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

நண்பர்களே, இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. அதற்கு என் முழு உத்தரவாதம்.

பாறசாலையில் எங்கள் பழைய சங்கீத மண்டபத்துக்கு அண்ணன்தான் வாசல்காரர். மண்டபம் என்றால் சும்மாவா... மேடையில் பாகவதர் தொண்டையைச் செருமினால் காஞ்சிரங்குளத்தில் மாடு திரும்பிப் பார்க்கும். ஒரு தேக்குத் தூணைக் கட்டிப்பிடிக்க ஏழு பேர் வேண்டும்.

கட்டியவர் மிருதங்கம் வாசிப்பவர். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஜனங்கள் டீ குடிக்க எழுந்து போவது அவருக்குப் பொறுக்கவில்லை. சட்டம் போட்டார்: கச்சேரி ஆரம்பித்தால் கதவைப் பூட்டு, கடைசியில் மங்களம் பாடி முடித்தால்தான் திற. மகாராஜாவே வந்தாலும் வெளியேதான்.

எல்லைப் போராட்ட வருடங்கள் அவை. இந்த ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர் என்று நாங்கள் கத்திக்கொண்டு திரிந்தோம். கூட்டம் போட மண்டபத்தைக் கேட்டோம்.

"இது பாட்டுக்குள்ள எடம் ஆக்கும். பேசணும்னா சந்தைக்குப் போங்க" என்றார் அண்ணன்.

"ஓய், நீரு தமிழன்தானா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். எனக்கு வயது இருபது. வாய்க்கு நாற்பது.

அண்ணன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

அதே வாரம் எங்கள் ஊர்வலத்தைப் போலீஸ் கலைத்தது. என் ஒருவனைத் துரத்த நானூறு போலீஸ்! நான் ஓடிய வேகத்தில் என் நிழல் பின்தங்கி, கோட்டுகால் பக்கம் வழி தவறிப் போயிற்று.

சட்டை தோளில் கிழிந்து தொங்க, மண்டபத்துக்குள் விழுந்தேன். சாயங்காலக் கச்சேரி தொடங்கும் நேரம். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்... கதவைப் பூட்டினார்.

கதவைத் திறக்கச் சொல்லி வெளியே இன்ஸ்பெக்டர் இடித்தார். "வாதில் தொறக்கெடோ!"

"மங்களம் ஆவட்டும் சாரே. இங்க அப்படி ஒரு சட்டம் உண்டு."

இன்ஸ்பெக்டருக்கும் அந்தச் சட்டம் தெரியும். காத்து நின்றார்.

அண்ணன் மேடையோரம் போய்ப் பாகவதரின் காதில் ஏதோ சொன்னார். பாகவதர் மலையாளி, எங்கள் கோஷம் அவருக்கு ஆகாது. என்னை எட்டிப் பார்த்தார். பிறகு பாடினார் பாருங்கள்... அவர் முடிப்பதற்குள் வெளியே நின்ற மூன்று போலீஸ்காரர்களுக்குப் பென்ஷன் வயது வந்துவிட்டது.

மங்களம் தொடங்கியதும் அண்ணன் தன் காக்கிச் சட்டையைக் கழற்றி நீட்டினார்.

"இதப் போடு. சாவியப் பிடி. நீயே போய்த் தொற."

"அண்ணே, நீங்க?"

"உனக்க கிழிஞ்ச சட்டைய இங்க தா மக்கா. சட்டுனு... பாட்டு முடியப் போவுது."

கதவை நான்தான் திறந்தேன். வாசல்காரன் என்று நினைத்து என்னைத் தள்ளிவிட்டு அவர்கள் உள்ளே ஓடினார்கள். நான் வயல் வழியே நடந்து மறைந்தேன்.

அறுபது வருடமாக இந்தக் கதையை நான் இங்கேதான் முடிப்பேன். கேட்பவர்கள் கைதட்டுவார்கள்.

எல்லைக்கோடு நாங்கள் கேட்டபடி விழவில்லை. இந்த ஊர்கள் கேரளத்திலேயே நின்றன. அதற்கும் பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"எலே, அன்னு தனி ஆவர்த்தனத்துல மிருதங்கக்காரன் தாளத்துல ஒரு அட்சரம் விட்டான். கவனிச்சியா?"

"இல்லண்ணே."

"எப்படிக் கவனிப்ப... உனக்கு ஓட மட்டும்தானே தெரியும்!"

சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்.

சரி... வந்தது நானூறு போலீஸ் இல்லை, ஐந்து பேர். பாகவதர் கூடுதலாகப் பாடியது ஒரே ஒரு பாட்டு. தூணை நானே தனியாகக் கட்டிப்பிடிக்கலாம்.

என் கிழிந்த சட்டையோடு அண்ணனைப் பிடித்துப் போய், என் பெயரைக் கேட்டு நான்கு நாள் லாக்கப்பில் வைத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. அது மட்டும் உண்மை.

நாளைக்கு அடக்கத்துக்கு வாறேன் அண்ணே.