கூப்பிட்டது எந்தக் கார்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோதெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன். எட்டாவது வரை படித்தவன், கணினி விஷயத்தைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். இப்போது மற்றவர்கள் சொல்கிற விதத்தைக் கேட்டால் இருப்புக்கொள்ளவில்லை.

கண்ணில் நிற்பது என் மைத்துனனின் கால்தான். ஆம்பூரில் நான் பம்பு மெக்கானிக்காக இருந்த தோல் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில், கணினி முன்னால் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். கழிவுநீர்த் தொட்டியில் பம்பு அடைத்துவிட்டது, நான் இறங்க வேண்டும். தொட்டிக்குள் எவ்வளவு விஷவாயு என்பதைக் கீழே இருக்கும் கருவி கம்பி வழியாக மேலே அனுப்பும். கணினியில் அதை வாங்குவது நெட்வொர்க் கார்டு. அந்தக் கார்டை வேலை வாங்கும் டிரைவர் என்ற புரோகிராமை எழுதியவன் அவன். திரையில் வாயு சைபர். நான் இடுப்பில் கயிறு கட்டி, ஜெபமும் பண்ணிவிட்டேன்.

"எறங்காதீங்க மாமா."

"அதான் டெஸ்ட் பாஸ்னு போட்டுக்குதே, இன்னாப்பா பேஜார் பண்றே?" என்றார் சூப்பர்வைசர். "அக்கா வூட்டுக்காரர்னா மட்டும் ரெண்டு தபா டெஸ்டா?"

"பாஸ்தான் சார். பாஸ் பண்ணது யாருன்னுதான் தெரியல."

டிரைவர் தொடங்கும்போது, சும்மா ஒரு தடவை கணினியைக் கூப்பிடு என்று கார்டிடம் சொல்லுமாம். கார்டு கூப்பிடுவதற்கு இன்டரப்ட் என்று பேர். அது வந்தால் லைன் சரி. ஆனால் கணினிக்குள் அதே லைனில் கேமராவுக்கான இன்னொரு கார்டும் இருந்தது. எது கூப்பிட்டாலும் தன் கார்டுதான் என்று டிரைவர் எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கணினியை அணைத்து, கேமரா கார்டைப் பிடுங்கிவிட்டு மறுபடி சோதித்தான். பதிலே இல்லை. கீழிருந்து ஒன்றுமே வந்து சேராத சைபரை நம்பித்தான் நான் கயிறு கட்டியிருந்தேன்.

நெட்வொர்க் கார்டைக் கணினியில் வேறு இடத்தில் மாட்டினான். கூப்பிட்டது நீதானா என்று கார்டையே கேட்டுவிட்டு நம்பும்படி புரோகிராமைத் திருத்தினான். டெஸ்ட் முடிந்ததும் திரையில் எண் கிடுகிடுவென்று ஏறியது. அபாய மணி அலறியது. அவனே எழுந்து வந்து என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

இறங்கப் போனபோது எனக்குத் தேவதூதன் குரல் கேட்டதாக இன்று சபையில் சொல்கிறார்கள். கர்த்தர் காப்பாற்றினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குரல் எதுவும் கேட்கவில்லை. ஜெபித்து எழுந்து, அந்தச் சைபரையே அவருடைய பதிலென்று எடுத்துக்கொண்டேன். இன்றும் ஜெபம் முடிந்து மனதில் ஒன்று தோன்றினால், அது யார் கொடுத்தது என்று தவிப்பாக இருக்கிறது.

இதை யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். தூதனைச் சேர்க்க வேண்டாம். சபைக்கே வராதவன் என்பதற்காக என் மைத்துனனை விட்டுவிடவும் வேண்டாம்.