நாலாம் நம்பர் கம்ப்யூட்டர்

இன்று லிங்கராஜபுரம் பிரவுசிங் சென்டரில், என் பக்கத்து சீட்டில் இருந்த ஸ்டீபன் முகத்தில் ஒருவன் ஹெல்மெட்டால் அடித்தான். ஒரு பல் கீபோர்டில் விழுந்தது.

"என் தங்கச்சிக்கு அசிங்கமா மெயில் அனுப்புவியாடா?"

"மாதா சத்தியமா நான் அனுப்பலண்ணா."

"உன் ஐடிலேர்ந்துதானடா வந்துச்சு?" மறுபடியும் அடித்தான். சுவரெல்லாம் ரத்தம்.

கடைக்காரர் நடுவில் புகுந்து தடுத்தார். "சைன் அவுட் பண்ணாம எழுந்து போயிருப்பான். இவனுக்கு அப்புறம் யாரு உக்காந்தாங்கன்னு நோட்ல பாத்துரலாம், இருப்பா."

போன சனிக்கிழமை, நாலாம் நம்பர் கம்ப்யூட்டர், ஸ்டீபனுக்கு அடுத்த வரியில் குமார் என்று இருந்தது.

"யாருடா குமாரு?" அண்ணன்காரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என் முகத்தையும் பார்த்தான். கடைக்காரருக்கு அப்படி யாரையும் தெரியவில்லை.

நான் என் கர்சீப்பை ஸ்டீபனின் வாயில் வைத்து அழுத்தினேன். "தேங்க்ஸ்ணா" என்றான்.

அன்று நோட்டில் குமார் என்று எழுதியது நான்தான். திறந்து கிடந்த அவன் மெயிலிலிருந்து, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு ஐந்து வரி எழுதியதும் நான்தான். விளையாட்டுக்கு.

இந்த பிளாகையும் பொய்ப் பெயரில்தான் எழுதுகிறேன். திட்ட வருகிறவர்கள் தயவுசெய்து சொந்தப் பெயரில் வந்து திட்டுங்கள்.