தலையாரி வேலையும் தூரத்து வரன்களும்

போன வாரம் செக்காலை ரோட்டில் ஆட்டோவுக்கு நின்றபோது, பக்கத்துக் கடையில் கேசரி கிளறும் வாசனை வந்தது. மற்றவர்களுக்கு அந்த நெய் வாசனையில் கல்யாண வீடு ஞாபகம் வருமோ என்னவோ, எனக்குக் கோர்ட்டுதான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், மானகிரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் தலையாரி வேலை காலியானது. காகிதத்தில் அதற்குக் கிராம உதவியாளர் என்று பெயர். வரி கட்டச் சொல்லி வீடு வீடாகப் போவது, நிலம் அளக்கும்போது சங்கிலி பிடிப்பது, கண்மாய் உடைந்தால் தாலுகா ஆபீசுக்கு ஓடுவது, இதுதான் வேலை. உள்ளூரில் குடியிருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டும் எனக்கு இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவிலும் நான்தான் முந்தியவள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு அப்பாவோடு மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவள், விண்ணப்பம் போட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு முன்சீப் இருந்தார்; கோர்ட்டு முன்சீப் இல்லை, ஊர் வரியும் கணக்கும் பார்த்த கிராம முன்சீப். பரம்பரைப் பதவிகளை அரசாங்கம் ஒழித்துப் பல வருஷம் ஆகியும் அவர் முன்சீப்பாகவே இருந்தார். யாருக்கு என்ன சான்று வேண்டுமானாலும் முதலில் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அவருடைய தோப்பைப் பார்த்துக்கொண்டவரின் மகனும் விண்ணப்பித்திருந்தான். வேலை அவனுக்குப் போனது. அவனும் உள்ளூர்தான், படித்தவன்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். என்னைத் தள்ளியதற்குத் தாசில்தார் எழுதியிருந்த காரணத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மணமாகாத பெண், மணமானால் ஊரைவிட்டுப் போய்விடுவாராம்.

அப்பா அதிகம் பேசமாட்டார். உத்தரவைப் படித்துக் காட்டியதும் சட்டையை மாட்டிக்கொண்டு வக்கீலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அப்போதெல்லாம் இதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். கோர்ட்டு வேலை வாங்கித் தராது, தாசில்தார் முடிவெடுத்த விதம் சரியா என்று மட்டும்தான் பார்க்கும் என்று வக்கீல் முதலிலேயே சொல்லிவிட்டார்.

வழக்குப் போட்டோம். வரன்கள் வர ஆரம்பித்தன. அதுவரை எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத தரகர், பரமக்குடி, தூத்துக்குடி, சிங்கப்பூர் என்று அடுக்கினார். எல்லாம் எங்களைப் போலவே நல்ல கிறிஸ்தவக் குடும்பங்கள். அம்மா பூரித்துப்போய், கேசரிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. பக்கத்து ஊர் மாப்பிள்ளை மட்டும் ஒருத்தர்கூட இல்லையே என்று அப்பா கேட்டபோது, எல்லாம் முன்சீப் ஐயா ஏற்பாடு என்று தரகர் பெருமையாகச் சொல்லிவிட்டார். நான் தாலி கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டால் வழக்கு தானாகவே படுத்துவிடும்.

தெரிந்த பிறகும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. யார் அனுப்பினால் என்ன, பையன் நல்லவனாக இருந்தால் போதாதா என்று அழுதாள். அது பொய் அழுகை இல்லை. வேலையும் இல்லாமல் வரனும் இல்லாமல் நின்றுவிடுவோமோ என்று எனக்கும் பயம்தான். ஆனால் அதைவிட ரோஷம் பெரிதாக இருந்தது.

அடுத்து வந்த தூத்துக்குடிக்காரர்கள் முன்னால் கேசரித் தட்டை வைத்துவிட்டு, நானே கேட்டேன்:

“மாப்பிள்ளை எங்க ஊருக்கே வந்து இருப்பாகளா?”

மாப்பிள்ளையின் அம்மா கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த எல்லோரிடமும் அதையே கேட்டேன். மிஞ்சிய கேசரியை நானும் அப்பாவும்தான் தின்று தீர்த்தோம்.

ஒருநாள் நானும் அப்பாவும் போய்க்கொண்டிருந்தபோது முன்சீப்பே வழியில் அப்பாவை நிறுத்தினார். “பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு எதுக்குப்பா வம்பு? நல்ல இடமாத்தான அனுப்புறேன்.”

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “நீங்க நல்ல இடமாத்தான் அனுப்புறீக. நான்தான் போக மாட்டேன்.”

தீர்ப்பு வந்தது. விண்ணப்பித்தவர் இன்று எங்கே குடியிருக்கிறார் என்பதுதான் விதி, நாளை யாரைக் கட்டுவார் என்ற ஊகம் விதி அல்ல என்று சொல்லி, அந்த உத்தரவைக் கோர்ட்டு ரத்து செய்தது. ஜெயித்துவிட்டோம் என்று குதித்தேன். ஆனால் புதிதாக முடிவெடுக்கச் சொல்லி எங்களை அனுப்பியது அதே தாசில்தாரிடம். அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, “சரிம்மா, கல்யாணம் எப்ப?” என்றார்.

“அதைக் கேக்கக்கூடாதுன்னுதான் ஐயா கோர்ட்டு சொல்லியிருக்கு. அதுக்குத்தான் மெட்ராஸ் போய்ட்டு வந்தோம்.”

தீர்ப்பு நகலை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். தள்ளுவதற்கு வேறு காரணம் கிடைக்காமல் வேலையைக் கொடுத்தார். வேலை போன அந்தப் பையன் குவைத்துக்குப் போய் என்னைவிட நன்றாகவே சம்பாதித்தான். பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டவர், தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தார்.

இப்போது ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. முன்சீப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பிள்ளைகள் ஆளுக்கொரு தேசம். ஜனங்கள் கைகட்டி நின்ற அந்த வாசலில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அந்த மனையை விற்பதற்காகப் போன வருஷம் அவர் பேரன் வந்தான். எல்லைக்கல் எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை, நான்தான் முள்ளை விலக்கிக் காட்டினேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, “அக்கா, நீங்க இந்த ஊர்தானா?” என்று கேட்டான்.

“இந்த ஊர்தான் தம்பி,” என்றேன். “சந்தேகம்னா கோர்ட்டுல கேட்டுக்கங்க.”