நடுக்கடலில் வைத்த பொட்டு

நான் வேலை செய்யும் அறையில் ஆறு பேருக்கு நாற்காலி உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் வேலை அட்டவணையில் பெயர்கள் ஏழு. ஏழாவது பெயர் மோராக். எங்கள் அறை இருக்கும் ஸ்காட்லாந்துக் கரையிலிருந்து ஹெலிகாப்டரில் போக வேண்டிய தொலைவில், கடல் நடுவே நிற்கும் எரிவாயு மேடையில் குடியிருக்கும் நாலுகால் ரோபோ அது. காலையில் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் திரையைப் பார்த்து, "குட் மார்னிங், மோராக்" என்கிறார்கள். எதிர்வீட்டுக்காரரிடம் வாய் திறக்க ஒரு வருடம் எடுத்துக்கொள்கிற மனிதர்கள் இயந்திரத்திடம் நலம் விசாரிக்கிறார்களே என்று வந்த புதிதில் சிரிப்பை அடக்கமாட்டாமல் தவித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு எனக்குத் தகுதி இல்லை. திருச்செங்கோட்டுக்குப் பக்கம், மல்லசமுத்திரம் எனக்கு ஊர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் லாரிக்குப் பெயர் வைத்து, அதற்குச் சூடம் காட்டிய பிறகு சோற்றில் கை வைக்கிற கூட்டத்தில் வளர்ந்தவன் நான்.

மோராக் தினமும் மேடையைச் சுற்றி வரும். பம்பு ஓடுகிற சத்தத்தைக் கேட்கும். வாயு கசிகிறதா என்று மோந்து பார்க்கும். கம்பியைப் பிடிக்காமல் மனிதன் நிற்க முடியாத காற்றில் அது பாட்டுக்கு நடந்து போவதைத் திரையில் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறையும். மேடையின் அடிப்பக்கத்தை ஒரு டிரோன் படம் எடுத்து அனுப்பும். எல்லாப் படங்களையும் செயற்கை நுண்ணறிவு பழைய படங்களோடு வைத்துப் பார்த்து, புதிதாகத் தெரிவதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்டுக் கொடுக்கும். துருவா, உப்பா, பறவை எச்சமா என்று பார்த்துப் பதில் சொல்வது என் வேலை. நான் சொல்லும் பதிலிலிருந்து அது கற்றுக்கொள்ளும். அலுக்காது, கண் அசராது, நேற்றுப் பார்த்ததுதானே என்று தாண்டிப் போகாது.

இந்தக் கடைசிக் குணத்துக்காக நான் அதை எவ்வளவு மதிக்கிறேன் என்பது புரிய வேண்டுமானால் என் அண்ணன் பழனிசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் ரிக்கில் டிரில்லர். மாஸ்ட் என்று நாங்கள் சொல்லும் அந்த உயரமான இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்தாலே, கீழே கருங்கல்லா, உதிர்கிற சுக்காம்பாறையா என்று சொல்லிவிடுவார். அப்போது அதே ரிக்கில் நான் கம்ப்ரசர் மெக்கானிக். மத்தியப் பிரதேசத்தில் ஒரு சோயா காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்த நாளில் மாஸ்ட்டின் அடிப்பக்க வெல்டிங் விட்டுப் போனது. தூண் சாய்ந்தது. அண்ணன் தாவினார், இடது கால் மட்டும் தாவவில்லை. அதன்பிறகு அவர் டிரில் பிடிக்கவில்லை. சாய்த்துச் சாய்த்து நடந்து மற்றவர்களுக்கு வேலை சொல்கிறார். வெல்டிங் உள்ளுக்குள் விட்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

போன வருட ஆயுத பூஜையன்று மோராக்கின் சார்ஜரைச் சரிபார்க்க நான் கடல் மேடையில் இருந்தேன். எங்கள் ரிக்குகள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அன்றைக்கு அங்கேயே நிற்கும். லாரியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்போம். நடுக்கடலில் பூசணிக்காய்க்கு எங்கே போவது? பையில் எங்கள் ஊர்ப்பக்கத்து மலைக்கோயில் குங்குமம் ஒரு பொட்டலம் இருந்தது. யாரும் இல்லாத சமயம் பார்த்து மோராக்கின் முன்பக்கம் ஒரு பொட்டு வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். கை பழக்கத்தில் போனது. மாஸ்ட் அடியில் வைப்பதுபோல, மேடை ஓரத்து இரும்புத் தூணின் அடியில் பட்டையாக மூன்று பொட்டு வைத்து, மீதிப் பொடியையும் அங்கேயே தட்டிவிட்டேன். ரோபோவின் பொட்டைத் துடைத்தேன். தூணை மறந்துபோனேன்.

கரைக்குத் திரும்பிய மறுவாரம் திரையில் ஒரு மஞ்சள் கட்டம். மேடையின் அடிப்பக்கத்தில், வெல்டிங் வாயிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. போன மாதப் படத்தில் இல்லை. விரிசலுக்குள் நீர் புகுந்து துரு கசிந்தால் இப்படித்தான் இறங்கும் என்று இயந்திரம் சரியாகவே எழுதியிருந்தது. அதற்கு நேர் மேலே நிற்பது எந்தத் தூண் என்று எனக்குத் தெரியும். மழையில் கரைந்து இறங்கிய என் குங்குமம் அது. துரு என்று நான் பதில் சொன்னால், மதிய இடைவேளையில் என் எதிரே உட்கார்ந்து பிஸ்கட்டைப் பாதி உடைத்துக் கொடுக்கும் கேலம் கயிற்றில் தொங்கிக்கொண்டு கடலுக்கு மேலே இறங்கிப் பார்க்க வேண்டும். அந்த வாரம் அலை மோசமாக இருந்தது. துரு இல்லை என்று அழுத்திவிட்டால் என் குட்டு வெளிப்படாது. ஆனால் வெல்டிங்கிலிருந்து சிவப்பு வழிந்தால் பயப்பட வேண்டாம் என்று இயந்திரம் கற்றுக்கொள்ளும். நாளைக்கு உண்மையாகவே ஒரு தூண் விரிசல் விடும்போது அது கட்டம் போடாமல் போகும். கடல் மேடையில் அனுமதி இல்லாத பொருளைப் பூசினேன் என்று சொன்னால் வேலை போகலாம். வேலையோடு விசாவும் போகலாம். அரைமணி நேரம் மவுஸிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்துபோய் மேலாளர் ஃபியோனாவிடம் சொன்னேன். "அது துரு இல்லை. நான் வைத்த பொடி. பூஜைப் பொடி."

அவர் முகம் மாறாமல் பேனாவை எடுத்தார். "ரசாயனப் பாதுகாப்புத் தாள் இருக்கிறதா அதற்கு?"

"இல்லை. நெற்றியில் வைப்போம்."

"தோலில் பட்டால் என்ன செய்ய வேண்டும்?"

"தோலில் படத்தான் வைப்பது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எதற்காக இயந்திரத்துக்கு வைத்தாய் என்று கேட்டார். ஆட்களுக்குக் கெடுதல் வரக் கூடாது என்று வைப்போம் என்றேன். எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "கேலம் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நீ சொன்னதற்கு நன்றி" என்றார்.

மோராக்கை அனுப்பினோம். கம்பிகளுக்கிடையே நுழைந்து போய்த் தூணின் அடியைப் படம் எடுத்தது. மூன்று பொட்டும் பாதி கரைந்து அங்கேயே இருந்தன. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. சில மாதங்கள் கடலுக்குப் போகத் தடை. வேலை தப்பியது. கூடவே ஒரு தண்டனையும் கொடுத்தார்கள், அதைத் தண்டனை என்று சொல்லலாமா தெரியவில்லை. இரும்புத் தகடுகளில் குங்குமம் பூசி, உப்புத் தண்ணீர் தெளித்து, நாள்தோறும் படம் எடுத்து இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே துருவேறிய தகடுகள். இரண்டுக்கும் வித்தியாசத்தை அது கற்றுக்கொண்டது. கொஞ்ச நாளில் என்னைவிட நன்றாகச் சொன்னது. நான் தடுமாறிய இரண்டு படங்களில் அதன் பதில்தான் சரி.

இந்தக் கூத்தைப் போனில் அண்ணனிடம் சொன்னேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"குங்குமத்தப் போயி துருன்னு சொல்லிருச்சாக்கு?"

"ஆமாங்ணா. அத்தன சின்ன கோடுங்ணா. மனுசன் கண்ணுக்குத் தெரியாது."

அண்ணன் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். "நம்ம மாஸ்ட்டுலயும் இருந்துது சாமி. சாயறதுக்கு முந்தின நாளு பாத்தேன். வெல்டுல இருந்து செவப்பா எறங்கியிருந்துது. பூசைக்கு வெச்ச குங்குமம் மழைல கரஞ்சிருக்குதுன்னு உட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏனுங்ணா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? கண்ணு இருந்தும் பாக்கலீன்னா?"

இத்தனை வருடம் இதை அவர் ஒருவராகவே சுமந்திருக்கிறார். போனை வைத்த பிறகு நான் அழுதேன். அந்த இயந்திரம் அன்றைக்குச் சோயா காட்டில் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு விடுப்பு எடுத்து ஊருக்கு வந்தேன். ரிக் ஊரிலேயே நின்றது. லாரியைக் கழுவி முடித்ததும் அண்ணன் குங்குமத் தட்டோடு காலைச் சாய்த்து நடந்து மாஸ்ட் அடிக்கு வந்தார். நான் யாரும் சொல்லாமலே குனிந்து டார்ச் அடித்து, துணியால் பழைய பொட்டைத் துடைத்து, வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தேன். பூஜை நேரத்தில் பொட்டை அழிக்கிறானே என்று ரிக் ஆட்கள் முகம் சுளித்தார்கள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அறையிலிருந்து ஒரு படம்: கடல் மேடையில் புதிதாக ஒரு மஞ்சள் கட்டம், உள்ளே சிவப்பாக ஒரு கோடு. திரையில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த கணத்தில், கோயில் வாசலில் நிற்பதுபோல, என்னை அறியாமல் செருப்பைக் கழற்றியிருந்தேன்.

அண்ணன் தட்டை ஏந்தியபடி காத்திருந்தார். "பாத்துட்டியா சாமி? வெக்கலாமா?"

இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். "வெய்யுங்ணா" என்றேன்.